வைரஸுக்கு விலங்கு பூட்டிய பெண்மணி

1933-ம் ஆண்டு. நியூயார்க் நகரத்து ஆஸ்பத்திரியில் முதியவர் ஒருவர் வயிற்றுப் புற்றுநோயால் உயிருக்குப் போராடிக் கொண்டிருந்தார். அவரைப் பார்க்க வந்த 15 வயதுப் பேத்தி, அவர் உருக்குலைந்து கிடந்த கோலத்தைக் கண்டு திடுக்கிட்டாள். அந்தத் தாத்தா சாமானியமானவர் அல்லர். வேத நூல்களில் கரை கண்ட பண்டிதர். பல பாஷைகள் அறிந்தவர். பேத்தியின் கையைப் பிடித்துக் கொண்டு பூங்கா பூங்காவாகச் சுற்றிக் கதை சொன்னவர். அவருடைய வேதனையைத் தணிக்க டாக்டர்களால் அதிகமாக ஒன்றும் செய்ய முடியவில்லை.

தாத்தா காலமானார். இப்படிப்பட்ட நோயை எதிர்த்துப் போராடுவதற்கே தன் வாழ்நாளைச் செலவிட வேண்டும் என்று அந்தச் சிறுமி அன்று முடிவு செய்தாள்.

இளம் வயதில் இப்படி எத்தனையோ பேர் சங்கற்பம் செய்து கொள்வதுண்டு. நாளடைவில் அது மறந்து போவதும் உண்டு. ஆனால் இந்தப் பெண் மறக்கவில்லை. அவர்தான் ஜெர்ட்ரூட் எலியன் அம்மையார். உதட்டோரத்தில் கொப்புளம் கிளம்பினாலும், கண்ணில் ஹெர்ப்பிஸ் புண் வந்தாலும், அதே வைரஸ் மூளையைத் தாக்கி உயிருக்கே உலை வைத்தாலும் இன்று டாக்டர்கள் கொடுக்கும் அசைக்ளோவிர் என்ற மருந்து, அவர் தலைமை வகித்த ஆராய்ச்சிக் கூடத்தில் பிறந்ததுதான்.

பதினைந்து கதவுகள் அடைபட்டன

ஜெர்ட்ரூட் 1918-ம் ஆண்டு ஜனவரி 23-ந் தேதி நியூயார்க்கில் பிறந்தார். தந்தை லிதுவேனியாவிலிருந்து குடியேறியவர்; பல் வைத்தியர். தாய் போலந்துப் பகுதியிலிருந்து வந்தவர். வசதியாக இருந்த குடும்பம், 1929-ல் அமெரிக்கப் பங்கு மார்க்கெட் சரிந்தபோது நொடித்துப் போயிற்று. சம்பளம் கட்டிப் படிக்க வைக்கக் கையில் காசு இல்லை. நல்ல வேளையாக, நகரத்தார் நடத்திய ஹண்டர் பெண்கள் கல்லூரியில் சம்பளம் கிடையாது. நல்ல மார்க் வாங்கியவர்களுக்கு இடம் கிடைத்தது. அங்கே சேர்ந்து ரசாயனத்தை விருப்பப் பாடமாக எடுத்துக் கொண்டார். 1937-ல் மிக உயர்ந்த தகுதியுடன் பட்டம் பெற்றார்.

அதற்கு மேல்தான் சோதனை ஆரம்பித்தது. மேல்படிப்புக்கு உபகாரச் சம்பளம் கேட்டு 15 இடங்களுக்கு மனுப் போட்டார். பதினைந்தும் திரும்பி வந்தன. சோதனைச் சாலைகளில் வேலை கேட்டுப் போனால், பெண்ணை வேலைக்கு வைத்தால் ஆண்களின் கவனம் சிதறும் என்று ஒருவர் முகத்துக்கு நேரே சொல்லி அனுப்பி விட்டார். வேறு வழியின்றிக் காரியதரிசி வேலைக்கான பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தார். நர்ஸுகளுக்கு உயிர் ரசாயனம் கற்பிக்க மூன்று மாத வேலை கிடைத்ததும் அதை விட்டு வெளியேறினார். அதன் பின் ஒரு ரசாயன நிபுணரிடம் சம்பளமே வாங்காமல் உதவியாளராகச் சேர்ந்தார். தொழில் கைவந்தால் போதும் என்பது அவர் எண்ணம். அங்கிருந்து விலகும்போது வாரத்துக்கு 20 டாலர் கிடைத்துக் கொண்டிருந்தது.

அந்தச் சேமிப்பைக் கொண்டு 1939-ல் நியூயார்க் பல்கலைக் கழகத்தில் சேர்ந்தார். ரசாயன மேல்படிப்பு வகுப்பில் அவர் ஒருவரே பெண். பகலில் பள்ளிக்கூட உபாத்தியாயினி. இரவிலும் சனி ஞாயிறுகளிலும் ஆராய்ச்சி மாணவி. 1941-ல் எம்.எஸ்ஸி. பட்டம் கிடைத்தது.

அதே ஆண்டில் இன்னோர் இடி விழுந்தது. அவர் மணக்க இருந்த வாலிபர், புள்ளிவிவரக் கணிதத்தில் கெட்டிக்காரர், இதய வால்வைப் பாக்டீரியா தாக்கியதால் காலமானார். அடுத்த சில ஆண்டுகளில் பெனிசிலின் பரவலாகக் கிடைத்தது. வந்திருந்தால் அவரைப் பிழைக்க வைத்திருக்கக் கூடிய மருந்து அது. தாத்தாவுக்கு மருந்தே இல்லை. காதலருக்கு மருந்து வரச் சில ஆண்டுகள் தாமதமாகி விட்டது. ஜெர்ட்ரூட் பிறகு கல்யாணமே செய்து கொள்ளவில்லை.

ஊறுகாயிலிருந்து உயிரணுவுக்கு

இரண்டாவது உலக யுத்தம் வந்தது. ஆண்கள் போர்முனைக்குப் போகவே, சோதனைச் சாலைகளில் பெண்களுக்கு இடம் காலியாயிற்று. முதலில் கிடைத்தது உணவுப் பொருள் கம்பெனி ஒன்றில் வேலை. ஊறுகாயில் புளிப்புச் சரியாக இருக்கிறதா, பழத்தில் பூஞ்சணம் பிடித்திருக்கிறதா என்று பார்ப்பதுதான் உத்தியோகம். கற்றுக் கொள்ள இனி ஒன்றுமில்லை என்று தோன்றியதும் அதை விட்டு விட்டார்.

1944-ல் அவர் வாழ்க்கை திசை திரும்பியது. அதற்குக் காரணம் தந்தையின் மேஜை மீது கிடந்த ஒரு மாத்திரைப் புட்டி! பல் வைத்தியருக்கு மாதிரிக்காக வந்த அந்த வலி நிவாரணியை அனுப்பியது பரோஸ் வெல்கம் கம்பெனி. அங்கே விசாரித்துப் பார்க்கும்படி தந்தை யோசனை கூறினார். நியூயார்க்குக்கு அருகே டக்கஹோ என்ற ஊரில் இருந்த அந்தக் கம்பெனியின் ஆராய்ச்சிக் கூடத்தில் டாக்டர் ஜார்ஜ் ஹிச்சிங்ஸ் அவரை உதவியாளராக எடுத்துக் கொண்டார். சம்பளம் வாரத்துக்கு 50 டாலர்.

அந்தக் காலத்தில் மருந்து கண்டுபிடிப்பது பெரும்பாலும் குருட்டாம் போக்கில் நடந்தது. நூற்றுக் கணக்கான பொருள்களைச் சோதித்துப் பார்ப்பார்கள். அதிர்ஷ்டம் இருந்தால் ஒன்று பலிக்கும். ஹிச்சிங்ஸ் வேறு வழியில் சிந்தித்தார். எந்த உயிரணு பெருக வேண்டுமானாலும் அது முதலில் தன் டி.என்.ஏ.வைப் பிரதி எடுத்தாக வேண்டும். டி.என்.ஏ. என்பது நான்கு வகை மணிகளை மாற்றி மாற்றிக் கோத்த நீண்ட மாலை. அசல் மணி போலவே தோன்றும் போலி மணியைச் செய்து கொடுத்தால், வேகமாகப் பெருகும் நோயணு ஏமாந்து அதை எடுத்துக் கொள்ளும். மாலை கெட்டு விடும். இதுதான் அவர் திட்டம். டி.என்.ஏ.தான் பரம்பரைக் குணங்களைச் சுமக்கும் பொருள் என்று ஆஸ்வால்ட் ஏவரியின் குழுவினர் எடுத்துக் காட்டியதும் அதே 1944-ம் ஆண்டில்தான்.

நான்கு மணிகளில் இரண்டு, பியூரின் என்ற வகையைச் சேர்ந்தவை. அந்தப் பகுதி எலியனிடம் ஒப்படைக்கப்பட்டது. அதை அவர் வாழ்நாள் முழுவதும் விடவில்லை.

இதற்கிடையே டாக்டர் பட்டத்துக்காக புரூக்ளின் பாலிடெக்னிக்கில் மாலை வகுப்புக்குப் போய் வந்தார். வேலை முடிந்ததும் நீண்ட ரயில் பிரயாணம், நள்ளிரவுக்கு வீடு. இரண்டு ஆண்டுகள் சென்றபின், வேலையை விட்டு முழு நேரமும் படித்தால்தான் பட்டம் என்று கல்லூரியில் கண்டிப்பாகக் கூறி விட்டார்கள். ஒரு பக்கம் பட்டம். மறு பக்கம் பிடித்தமான ஆராய்ச்சி. எலியன் ஆராய்ச்சியைத் தேர்ந்தெடுத்தார். செய்தது சரிதானா என்ற சந்தேகம் மட்டும் பல ஆண்டுகள் அவர் மனத்தை அரித்துக் கொண்டிருந்தது.

பலன் வரத் தாமதமாகவில்லை. பியூரினில் ஓர் ஆக்சிஜன் அணுவை எடுத்து விட்டு அந்த இடத்தில் கந்தக அணுவைப் பொருத்தி அவர் உண்டாக்கிய 6-மெர்காப்டோபியூரின் என்ற மருந்து, ரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளுக்குக் கொடுக்கப்பட்டது. சில மாதங்களில் இறந்து விடக் கூடிய குழந்தைகள் எழுந்து நடமாடினார்கள். ஆனால் பலருக்கு நோய் மறுபடி திரும்பியது. அந்த ஏமாற்றம் எலியனைத் துயரத்தில் ஆழ்த்தியது. 1953-ல் அமெரிக்க அரசு அந்த மருந்தை அங்கீகரித்தது. பிற்காலத்தில் வேறு மருந்துகளோடு சேர்த்துக் கொடுத்தபோதுதான் பெரும்பாலான குழந்தைகளுக்குப் பூரண குணம் கிடைத்தது. அதே பரம்பரையில் வந்த அஸதயோப்ரின், மாற்றிப் பொருத்திய சிறுநீரகத்தை உடம்பு ஒதுக்கித் தள்ளாமல் காத்தது. அல்லோப்யூரினால், கீல்வாத நோய்களில் ஒன்றான கௌட்டைக் கட்டுப்படுத்தியது.

வீட்டுக்குள் புகுந்த கள்ளன்

இத்தனை வெற்றிக்குப் பிறகும் வைரஸ் நோய்கள் மட்டும் எட்டாக் கனியாகவே இருந்தன. அதற்குத் தகுந்த காரணமும் இருந்தது.

பாக்டீரியா தனி உயிர். அதன் உடல் அமைப்பு நம் உயிரணுவிலிருந்து வேறுபட்டது. அதை மட்டும் குறி வைத்துத் தாக்கலாம். வைரஸ் அப்படி அல்ல. சொந்தமாக வாழ அதற்குச் சக்தி இல்லை. நம் உயிரணுவுக்குள் புகுந்து, அங்குள்ள சாமான்களையே எடுத்துத் தன் குலத்தைப் பெருக்கிக் கொள்கிறது. கள்ளனைச் சுட்டால் வீட்டுக்காரனும் சாவான் என்ற நிலை. ஆகவே, உடம்புக்குக் கெடுதல் செய்யாமல் வைரஸை மட்டும் அடக்கும் மருந்து சாத்தியமே இல்லை என்று விஞ்ஞானிகளில் பலர் நம்பினார்கள். 1960-களில் ஐடாக்ஸியூரிடின் என்ற மருந்து கண்ணில் வரும் ஹெர்ப்பிஸ் புண்ணுக்குப் பயன்பட்டது. ஆனால் உடம்புக்குள் செலுத்த முடியாத அளவு நச்சுத் தன்மை அதற்கு இருந்தது.

ஹெர்ப்பிஸ் சிம்ப்ளெக்ஸ் வைரஸ் நடத்தும் கொள்ளையைச் சற்று விரிவாகத் தெரிந்து கொண்டால்தான் எலியன் குழுவின் சாதனை விளங்கும்.

அதன் பருமன் ஒரு மில்லிமீட்டரில் சுமார் 5,000-ல் ஒரு பங்கு. நடுவே இருபது முகங்கள் கொண்ட புரதப் பெட்டி. பெட்டிக்குள் ஏறக்குறைய 1,52,000 ஜோடி மணிகள் கோத்த டி.என்.ஏ. பெட்டியைச் சுற்றிப் புரதத் திரள். அதற்கு மேல் கொழுப்பாலான சவ்வு. சவ்வின் மீது முள் முள்ளாகப் பல புரதங்கள்.

உதட்டின் தோலிலோ வாயிலோ வந்து விழுந்ததும் இந்த முட்களில் சில, உயிரணுவின் மேலுள்ள சர்க்கரைச் சங்கிலிகளைப் பற்றுகின்றன. இன்னொரு முள், பூட்டில் சாவி நுழைவது போல உயிரணுவின் குறிப்பிட்ட புரதம் ஒன்றைப் பிடிக்கிறது. உடனே வைரஸின் சவ்வும் உயிரணுவின் சவ்வும் ஒன்றாகக் கலக்கின்றன. பெட்டி உள்ளே விழுகிறது. சரக்குகளைக் கொண்டு செல்ல உயிரணுவுக்குள் தண்டவாளம் போன்ற இழைகள் உண்டு. கள்ளன் அந்த வண்டியிலேயே ஏறி உட்கருவின் வாசலுக்குப் போய் விடுகிறான். அங்கே பெட்டி நின்று, டி.என்.ஏ.வை மட்டும் துவாரம் வழியாக உள்ளே செலுத்துகிறது.

அதற்கு மேல் ஆட்சி மாறுகிறது. வைரஸோடு வந்த புரதம் ஒன்று உயிரணுவின் சொந்த உத்தரவுகளை வெட்டிப் போடுகிறது. மற்றொன்று வைரஸின் உத்தரவுகளைத் தொடங்கி வைக்கிறது. காரியம் மூன்று கட்டமாக நடக்கும். முதலில் அதிகாரம் செலுத்தும் புரதங்கள், அடுத்து டி.என்.ஏ.வைப் பிரதி எடுக்கும் கருவிகள். கடைசியில் பெட்டி செய்யும் புரதங்கள். சுமார் ஒரு நாள் பொழுதுக்குள் புதிய வைரஸ்கள் அடுத்த உயிரணுக்களை நோக்கிப் புறப்பட்டு விடும். வீடு கொடுத்த உயிரணு மாண்டு போகும். உதட்டில் கொப்புளமாகத் தெரிவது இந்தச் சேதம்தான்.

இதற்குள் சில வைரஸ்கள் தோலிலுள்ள நரம்பு முனை வழியே மேலேறி, காதுக்கு அருகே மண்டை ஓட்டின் அடிப்புறத்தில் உள்ள நரம்பு முடிச்சில் பதுங்கிக் கொள்ளும். அங்கே பிரதி எடுப்பதில்லை, சத்தமே இல்லை. காய்ச்சலோ, கடும் வெயிலோ, மனக் கவலையோ வந்தால் விழித்துக் கொண்டு வந்த வழியே இறங்கி வரும். அதனால்தான் கொப்புளம் அதே இடத்தில் திரும்பத் திரும்பக் கிளம்புகிறது. இந்த வைரஸின் முதல் வகை, 50 வயதுக்கு உட்பட்டவர்களில் சுமார் 380 கோடிப் பேரிடம் இருப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் 2020-ம் ஆண்டுக்கு மதிப்பிட்டது. பெரும்பாலோருக்கு அது தெரியவே தெரியாது.

கள்ளனின் கையே கண்ணைக் குத்தியது

1948-லேயே எலியன் செய்த ஒரு பியூரின் பொருள் வைரஸைச் சற்று அடக்கியது. ஆனால் அது விஷமாகவும் இருந்தபடியால் அந்தப் பாதையை மூடி வைத்திருந்தார். இருபது ஆண்டுகள் கழித்து, 1968-ல், தம் 50-வது வயதில், அதே கதவை மறுபடி தட்டினார். அந்தப் பொருளோடு தொடர்புடைய இன்னொன்றைச் செய்து இங்கிலாந்தில் இருந்த ஜான் பாயருக்கு அனுப்பினார். அது ஹெர்ப்பிஸ் வைரஸை அடக்குவதாகப் பதில் வந்தது. 1970-ல் கம்பெனியின் ஆராய்ச்சிக் கூடம் வட கரோலினா மாகாணத்துக்கு மாறியது. அங்கே ரசாயனப் பகுதியின் தலைவராக வந்த ஹோவர்ட் ஷேஃபர், சர்க்கரை வளையத்தைப் பாதியாகக் குறைத்து விட்டாலும் போலி மணி வேலை செய்யும் என்று கண்டிருந்தார். இருவர் பாதையும் சந்தித்தன. 1974-ல் அசைக்ளோவிர் தன் பலத்தைக் காட்டியது.

அது நல்ல உயிரணுவை ஒன்றும் செய்யவில்லை. வைரஸ் புகுந்த உயிரணுவில் மட்டும் வேலை செய்தது. ஏன்? இதைக் கண்டுபிடிக்கவே எலியன் தம் குழுவினரை முடுக்கினார். ஃபைஃப், ஃபர்மன் முதலிய ஆராய்ச்சியாளர்கள் அந்த முடிச்சை அவிழ்த்தார்கள்.

மணியை மாலையில் கோக்க வேண்டுமானால் முதலில் அதற்கு மூன்று பாஸ்பேட் கொக்கிகளை மாட்ட வேண்டும். பெருகாமல் இருக்கும் உயிரணுக்களில், உதாரணமாக நரம்பணுக்களில், கொக்கி மாட்டிய மணிகள் குறைவு. ஆகவே ஹெர்ப்பிஸ் வைரஸ், முதல் கொக்கியை மாட்டும் என்ஸைமைத் தானே தயாரித்துக் கொள்கிறது. தைமிடின் கைனேஸ் என்பது அதன் பெயர். இந்த முன்யோசனைதான் வைரஸின் காலை வாரி விட்டது.

நம் உயிரணுவின் என்ஸைம் அசைக்ளோவிரை ஏறக்குறையத் திரும்பியே பார்ப்பதில்லை. வைரஸின் என்ஸைமோ அவ்வளவு கண்டிப்பானது அல்ல. போலியை அசலென்று நம்பி முதல் கொக்கியை மாட்டி விடுகிறது. மற்ற இரண்டு கொக்கிகளை உயிரணுவின் என்ஸைம்களே மாட்டுகின்றன. இப்போது மருந்து உயிர் பெற்று விட்டது. வைரஸ் புகுந்த உயிரணுவில் இந்தத் தயார் நிலை மருந்து, புகாத உயிரணுவில் இருப்பதைப் போல 40 முதல் 100 மடங்கு வரை சேர்ந்து விடுவதாகக் கணக்கிட்டார்கள். வைரஸின் பிரதிக் கருவி அதை எடுத்து மாலையில் கோக்கிறது. அதுவோ ஒரு பக்கம் மட்டும் துளையுள்ள மணி! அதற்கு மேல் அடுத்த மணியைக் கோக்க முடியாது. மாலை அறுந்து நிற்கிறது. கோத்த கருவியும் அங்கேயே சிக்கிக் கொள்கிறது. தன் கையே தன் கண்ணைக் குத்தினாற் போல, தான் செய்த என்ஸைமாலேயே வைரஸ் கட்டுண்டு போகிறது.

1977-லும் 1978-லும் இந்த விவரங்கள் வெளியானபோது வைத்திய உலகம் வியந்தது. 1982-ல் களிம்பாகவும், பிறகு ஊசி மருந்தாகவும் மாத்திரையாகவும் அசைக்ளோவிர் அமெரிக்காவில் வழக்கத்துக்கு வந்தது. ஹெர்ப்பிஸ் மூளைக் காய்ச்சல் கண்டவர்களில், சிகிச்சை இல்லாவிட்டால் 10 பேரில் 7 பேர் வரை இறந்து கொண்டிருந்தார்கள். 1986-ல் அமெரிக்காவில் வெளியான சோதனை முடிவின்படி, அசைக்ளோவிர் கொடுக்கப்பட்டவர்களில் இறந்தவர்கள் 100-க்கு 28 பேர்தான். நம் ஊர்களில் அக்கி என்று சொல்லும் நோய்க்குக் காரணமான வைரஸும் இதே குடும்பம். அதற்கும் இந்த மருந்து பயன்படுகிறது.

ஆனால் நரம்பு முடிச்சில் உறங்கும் வைரஸை அசைக்ளோவிர் தொடுவதில்லை. பிரதி எடுக்காதவனிடம் போலி மணியைக் கொடுத்து என்ன பயன்? எதிர்ப்புச் சக்தி குன்றிய நோயாளிகளிடம், அந்த என்ஸைமையே கைவிட்டு மருந்திலிருந்து தப்பும் வைரஸ்களும் தோன்றியதுண்டு.

பட்டம் தேடி வந்தது

எலியன் அம்மையார் 1983-ல் ஓய்வு பெற்றார். அவர் பழக்கிய குழுவினர் அதே வழியில் சென்று, எய்ட்ஸ் நோய்க்கு முதல் மருந்தான ஏ.இஸட்.டி.யை 1987-க்குள் நோயாளிகளிடம் சேர்ப்பித்தார்கள். அதற்காகத் தம்மை யாராவது பாராட்டினால், அது தம்முடைய சகாக்களின் வேலை என்று திருத்துவது அவர் வழக்கம்.

1988 அக்டோபரில் ஒரு நாள் அதிகாலை. அம்மையார் முகம் கழுவிக் கொண்டிருந்தார். டெலிபோன் அடித்தது. நோபல் பரிசு கிடைத்திருப்பதாகப் பத்திரிகை நிருபர் ஒருவர் தெரிவித்தார். யாரோ விளையாடுகிறார்கள் என்றே முதலில் நினைத்தாராம். ஹிச்சிங்ஸும் பிரிட்டிஷ் விஞ்ஞானி ஜேம்ஸ் பிளாக்கும் அவரோடு அந்தப் பரிசைப் பகிர்ந்து கொண்டார்கள். அப்போது எலியனுக்கு 70 வயது.

படித்துப் பெறாத டாக்டர் பட்டமும் தேடி வந்தது. 1969-ல் ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக் கழகம் கௌரவ டாக்டர் பட்டம் அளித்தபோதுதான், அன்று எடுத்த முடிவு சரியானதே என்று அவர் மனம் சமாதானம் அடைந்தது. எந்தக் கல்லூரியில் படிப்பைப் பாதியில் நிறுத்தினாரோ, அந்த புரூக்ளின் பாலிடெக்னிக்கும் 1989-ல் அவரைக் கௌரவித்தது.

1999 பிப்ரவரி 21-ந் தேதி, 81-வது வயதில், வட கரோலினாவில் அவர் காலமானார்.

நோபல் பரிசைக் காட்டிலும் அவர் பெரிதாக மதித்தவை, நோயாளிகள் எழுதிய கடிதங்கள். ரத்தப் புற்றுநோயிலிருந்து மீண்ட குழந்தையின் பெற்றோர், மாற்றுச் சிறுநீரகத்தால் உயிர் பிழைத்தவர், பார்வை காப்பாற்றப்பட்டவர் என்று முகம் அறியாத எத்தனையோ பேர் அவருக்கு எழுதினார்கள். தாத்தாவின் படுக்கையருகே கை பிசைந்து நின்ற அந்தப் பேத்திக்கு வேறென்ன பதில் வேண்டும்?